ஓப்பன் டாப் பென்ஸ் வாங்கப் போகிறீர்களா? எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

பழைய ஓப்பன் டாப் கார் பார்க்கப் போகிறவர் முதலில் பானட்டைத்தான் திறப்பார். நானும் அதைத்தான் செய்தேன். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. விற்றவர் அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை நிற்க வைத்துக் காட்டினார். அதோடு என் சோதனை முடிந்தது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, திருவொற்றியூர் தேரடி அருகே ஒரு சாயங்காலம் தூறல் விழ ஆரம்பித்தது. டாப்பை மூடப் பொத்தானை அழுத்தினேன். டிக்கியிலிருந்து எழுந்த டாப் பாதி தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. எஞ்சின் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடை அண்ணன் ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து வண்டி மேல் போர்த்தினார். யாருக்கோ அடித்த கண்ணீர் அஞ்சலி பேனர். மழையிலும் போகிறவர்கள் நின்று பெயரைப் படித்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு நண்பர்களுக்காக நாலைந்து வண்டிகளைப் பார்க்கப் போயிருக்கிறேன். இப்போது நான் பார்க்கும் வரிசை இதுதான்: பேப்பர், பாடி, டாப், அப்புறம் எஞ்சின்.

எஞ்சினைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் நாம் இருக்கும் இடம். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக் கொடுத்தது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் வந்த என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் செய்தது. காசிமேட்டில் விசைப்படகு எஞ்சினைக் கரையிலேயே பிரித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ராயபுரம் லேத் பட்டறையில் தேய்ந்த புஷ்ஷைக் காட்டினால் சாயங்காலத்துக்குள் புதிதாகக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். இந்தப் பக்கம் எஞ்சின் செத்தாலும் எழுப்ப ஆள் உண்டு. கஸ்டம்ஸ் பேப்பர் இல்லாத வண்டியையும் அடி இற்றுப்போன பாடியையும் எழுப்ப ஆள் கிடையாது.

எந்த வண்டி?

குறைந்த காசில் சொகுசு ஓப்பன் டாப் என்றால் என் கை முதலில் காட்டுவது மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. முதல் தலைமுறை. கம்பெனிக்குள் அதன் பெயர் ஆர்170. 1996 முதல் 2004 வரை வந்தது. இதன் டாப் துணி அல்ல, இரும்பு. பொத்தானை அழுத்தினால் 25 விநாடியில் இரண்டாக மடிந்து டிக்கிக்குள் போய்விடும். மூடிவிட்டால் சாதாரண இரண்டு கதவு கார் போல இருக்கும். தூசியும் வெயிலும் இருக்கிற ஊருக்கு இது பெரிய வசதி. அப்படியானால் ஏன் மலிவு? அந்த டாப்பைக் கண்டு எல்லோருக்கும் பயம். உட்காரவும் இரண்டே பேருக்குத்தான் இடம். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை யார் வருவது என்ற பஞ்சாயத்தை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

மெர்சிடிஸின் ஆர்129 எஸ்.எல். (1989–2001) கம்பீரமான வண்டி. எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அதன் துணி டாப்பை இயக்கப் பத்துக்கும் மேற்பட்ட ஹைட்ராலிக் சிலிண்டர்கள், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் தள்ளும் குழாய்கள், இருக்கின்றன. எஸ்.எல்.கே.யில் ஐந்துதான். புதிதாக வருகிறவர் ஐந்தோடு ஆரம்பிப்பதே நல்லது.

சொகுசு வேண்டாம், பழமை போதும் என்பவர்களுக்கு நம் ஊர் வண்டியே இருக்கிறது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961-இலிருந்து செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சி.சி. எஞ்சின், தனி சேசிஸ். பானட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். வாயைப் பிளந்த கொடுவா மீன் மாதிரி இருக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளுக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஒரு எச்சரிக்கை: ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது. கழற்றிவிட்டு ‘ஒரிஜினல் கன்வெர்ட்டிபிள்’ என்று விற்கிறவர்கள் உண்டு. துணி டாப்பின் கம்பிச் சட்டமும் அது பூட்டும் இடங்களும் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள்.

பேப்பர்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே எண்ணைக் கேட்டு வாங்கி, பரிவாஹன் தளத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், கடன் நிற்கிறதா, ஆர்.சி. எதுவரை செல்லும், அபராத பாக்கி உண்டா என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே தெரிந்துவிடும்.

ஆர்.சி. 15 வருடத்துக்கு. அப்புறம் எப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டு வண்டி வாங்குகிறவர் அதிர்ச்சியடைவது இங்கேதான். 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி, 20 வயது தாண்டிய இறக்குமதிக் காரைப் புதுப்பிக்கக் கட்டணம் மட்டும் 80,000 ரூபாய். உள்நாட்டுக் காருக்கு 10,000. இதில் வரி சேராது. அதனால் ஆர்.சி. முடிய ஆறு மாதமே இருக்கிற எஸ்.எல்.கே.யும், போன வருடம் புதுப்பித்த எஸ்.எல்.கே.யும் ஒரே விலையில் வந்தால் இரண்டாவதை யோசிக்காமல் எடுங்கள். ஆர்.சி. ஏற்கெனவே முடிந்த வண்டியைப் ‘பேப்பர் நாங்க பண்ணிக் கொடுத்துடறோம் சார்’ என்று சொல்லி விற்றால், பண்ணிக் கொடுத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீயை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்தது, வண்டி இந்தியாவுக்குள் எப்படி வந்தது? இறக்குமதி வண்டிக்கு பில் ஆஃப் என்ட்ரி இருக்க வேண்டும். கஸ்டம்ஸ் வரி கட்டியதற்கு அதுதான் சாட்சி. கார்னெட் என்ற தற்காலிக அனுமதியில் வந்த வண்டி திரும்ப வெளிநாடு போயாக வேண்டும். அது போகாமல் நாலு கை மாறி உங்களிடம் வந்திருந்தால் ஒருநாள் வருவாய்ப் புலனாய்வுத் துறை வந்து எடுத்துக்கொண்டு போகும். நீங்கள் கொடுத்த காசைத் திருப்பித் தர யாரும் இருக்க மாட்டார்கள். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைத் தினமும் தாண்டிப் போகிற நமக்கே இது மறந்துவிடுகிறது.

டெல்லி வண்டி என்றால் மலிவாக இருக்கும். அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை என்று தள்ளிவிடுவார்கள். அந்த ஆர்.டி.ஓ. கொடுத்த தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வந்து வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரியும் கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் டெல்லி விலையும் சென்னை விலையும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்து அடைத்திருந்தால் 35-ம் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் பேப்பரில் தேய்த்துப் பிரின்ட் எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எஸ்.எல்.கே. முதல் தலைமுறைக்கு அது டபிள்யூ.டி.பி. 170 என்று தொடங்கும். வேறு மாதிரி தொடங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

செடான் காரின் கூரையை வெட்டி ஓப்பன் டாப் ஆக்கியதை வாங்கவே வாங்காதீர்கள். கம்பெனி செய்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், கூரை போன வண்டி குழியில் இறங்கும்போது நடுவில் தொய்யும். கதவு தானாகத் திறக்கும்.

ஹெரால்டு பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 50 வருடம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்று வரும். கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல், மெக்கானிக் என்ற காரணங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம்; அன்றாடம் ஓட்ட முடியாது.

பாடி

சாதாரணக் காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து வண்டியைத் தாங்குகின்றன. ஓப்பன் டாப்பில் அந்தப் பாரம் முழுவதும் வண்டியின் அடிப்பாகத்தில் விழுகிறது. முக்கியமாக, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு. டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள். அது இற்றுப்போனால் வண்டி நடுவில் மடங்கும்.

சோதனை எளிது. டாப்பைத் திறந்து வைத்துக் கதவின் முன் இடுக்கையும் பின் இடுக்கையும் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். உரசாமல் மூடினால் சந்தோஷம். மூட மறுத்தால் கிளம்பிவிடுங்கள். விற்பவர் ஜாக்கி போட விடவில்லை என்றாலும் கிளம்பலாம்.

பட்டி போட்டு மறைத்த துருவைக் கண்டுபிடிக்கத் துணி சுற்றிய காந்தம் போதும். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. சக்கர வளைவு, டிக்கியின் அடி, ஸ்டெப்னி குழி, இவற்றில் நேரம் செலவழியுங்கள். நான் கூட்டிப்போன டிங்கர் ஒருவர் ஒரு பளபளப்பான வண்டியின் ரன்னிங் போர்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. “தம்பி, இது பெயின்ட்டுலதான் நிக்குது” என்றார். விற்றவர் எதுவும் பேசவில்லை. அந்த வண்டி பத்து வருடம் எண்ணூர் கடற்கரை ஓரத்தில் நின்றதாம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. உள்ளூர் வண்டி என்பது இந்த விஷயத்தில் தகுதி அல்ல. கோயம்புத்தூர், பெங்களூர் வண்டி கிடைத்தால் ரயில் டிக்கெட் போட்டுப் போய்ப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள்; சேற்றுக் கோடு இருக்கும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி மூக்கை வையுங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

டாப்

வண்டி விலையில் பாதியை நிர்ணயிக்க வேண்டியது இதுதான். விற்பவர் ஒருமுறை திறந்து மூடிக் காட்டுவார். அது போதாது. மூன்று முறை தொடர்ந்து செய்யச் சொல்லுங்கள், கடைசி முறை நீங்களே பொத்தானைப் பிடியுங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்த வண்டி முதல் முறை நன்றாகவே வேலை செய்யும்; மூன்றாவதில் தயங்கும். என் வண்டி தேரடியில் காட்டிய வித்தை அதுதான்.

எஸ்.எல்.கே.யில் டிக்கிக்குள் ஒரு ரோலர் திரை இருக்கும். அதை இழுத்து மாட்டினால்தான் டாப் அசையும். சாமான் மேல் கூரை வந்து அமுக்காமல் இருக்க அந்தப் பாதுகாப்பு. திரையின் கொக்கி உடைந்த வண்டிகளில் வயரை நேரடியாக முறுக்கி ஏமாற்றி வைத்திருப்பார்கள். திரையை மாட்டாமலே டாப் வேலை செய்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி ஒரு வண்டியில் பையை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் பின்கண்ணாடி போய்விடும்.

டாப் அசையும்போது காது கொடுங்கள். பம்ப் சீராக முனக வேண்டும், திக்கக் கூடாது. டிக்கிக்குள் சிலிண்டர்களைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். முன்கண்ணாடியின் மேல் விளிம்பிலும் எண்ணெய்க் கறை தேடுங்கள். கசிகிற சிலிண்டர் என்றால் பயந்து ஓட வேண்டாம், விலையைக் குறையுங்கள். சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போனால் டிப்பர் லாரி ஹைட்ராலிக் வேலை செய்யும் பட்டறைகளில் சீல் மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சீலை அளவெடுத்து, அந்த எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பரா என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள். பம்புக்குள் பென்ஸ் சொல்லும் ஹைட்ராலிக் எண்ணெய் மட்டும்தான். பிரேக் ஆயிலை ஊற்றினால் எல்லா சீலும் ஊதிப்போகும்.

எதுவும் அசையவே இல்லை என்றால் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள், பிறகு மின்சார சுவிட்ச் வேலை பார்க்கும் ரிலே பெட்டியை. ஆர்170-இல் கே40 என்ற ரிலே பெட்டிக்குள் சால்டர், அதாவது ஈயப் பற்று, விரிசல் விடுவது உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி. டி.வி. ரிப்பேர்காரர் ஒருவர் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தால் சரியாகிவிடும். அதற்கே முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்லி என்னிடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

துணி டாப் உள்ள வண்டி என்றால் கதை வேறு. பின்னால் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி, மடிப்பில் வெடித்திருக்கும். நம் பக்கம் ஆட்டோவுக்கு ஹூட் தைப்பவர்கள் நல்ல கைக்காரர்கள்; கிழிந்த தையலை அவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம். முழு டாப்பையும் ஆட்டோ ரெக்சினில் தைக்கக் கொடுக்காதீர்கள். கனத்த ரெக்சின் மடியாது, கம்பிச் சட்டத்தை வளைத்துவிடும். பழைய டாப்பைப் பிரித்து அதையே அளவாக வைத்து, கன்வெர்ட்டிபிளுக்கான துணியை வரவழைத்துத் தைப்பதுதான் சரி.

கதவு, டாப் இடுக்குகளில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கான் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், கிரீஸ் இரண்டும் கூடாது. பூனை வளர்ப்பவர்கள் வீட்டருகில் துணி டாப் வண்டியை நிறுத்தவும் கூடாது.

எஞ்சின்

இப்போது பானட்டைத் திறக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பிறகு மின்ட் தெரு நெரிசலில் அரை மணி நேரம் ஏ.சி. போட்டு ஓட்டிப் பாருங்கள். வெப்ப முள் அங்கே நிலையாக நின்றால் சென்னையில் எங்கும் நிற்கும். 1990-களின் முதல் பாதியில் வந்த பென்ஸ் என்றால் எஞ்சின் வயரிங்கை லேசாக வளைத்துப் பாருங்கள்; அந்தக் காலத்து வயர் உறை பிஸ்கட் போல உதிரும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1421 என்றால் 2021-இன் 14-வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயதான டயரை மாற்றிவிடுங்கள்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறிக் கசியும். வாங்கிய வாரமே எல்லா ஃப்யூல் ஹோஸையும் எத்தனால் தாங்குவதாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்க்கில் பெட்ரோலைத் தேக்கவும் வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

காசு விஷயம்: வண்டி விலைக்குச் சமமான தொகை தனியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இன்ஷூரன்ஸில் ஐந்து வயது தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். உதிரி பாகத்துக்கு முதலில் புதுப்பேட்டையில் தேடுங்கள். பாகத்தின் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள், ‘அதே மாதிரிதான்’ என்று சொல்வதை வாங்காதீர்கள்.

வைத்துக்கொள்வது

ஓப்பன் டாப்பில் காற்று வாங்கலாம் என்று நினைத்தால் நம் ஊரில் அதற்குக் காலை எட்டு மணிக்கு முன்னாலும் ராத்திரி ஒன்பதுக்குப் பின்னாலும்தான் நேரம். மே மாத மதியம் தோல் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் மறுபடி உட்கார மாட்டார். நான் விடியற்காலையில் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்விட்டு வருவேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் டாப்பைத் திறக்காதீர்கள். வீட்டுக்கு வந்து தலையைத் தட்டினால் சிமென்ட் மூட்டை உதறிய மாதிரி இருக்கும். பட்டம் விடுகிற பகுதியில் மாஞ்சா நினைவிருக்கட்டும். தடை இருக்கிறது, நூலும் இருக்கிறது.

நிறுத்த மூடிய ஷெட் தேடுங்கள். தெருவில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும், பெருச்சாளி வயரைக் கடிக்கும். கொடுங்கையூர், மாதவரம் பக்கம் லாரி ஷெட்டில் ஒரு மூலை வாடகைக்குக் கிடைக்கும். வாரம் ஒருமுறை டாப்பைத் திறந்து மூடுங்கள். சும்மா கிடந்தால் சீல் காய்ந்துவிடும். கடலோரம் போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

அக்டோபர் பிறந்ததும் ஒரு வேலை. டாப்பில் விழும் மழைத் தண்ணீர் பாடிக்குள் மறைந்திருக்கும் சின்னக் குழாய்கள் வழியாகத்தான் கீழே இறங்கும். சருகும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே, கார்ப்பெட்டுக்குக் கீழே, எலக்ட்ரிக் பெட்டிக்குள் போகும். கம்பியால் குத்தினால் குழாய் கிழியும். காசிமேட்டில் தடித்த தூண்டில் நரம்பு ஒரு முழம் வாங்கி, முனையைத் தீயில் உருட்டி மழுக்கி, மேலிருந்து மெதுவாக விடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தெரிந்தால் சுற்றிக்கொண்டு போங்கள். இந்த வண்டியின் வயிறு ஆட்டோவைவிடத் தாழ்வு.

டிக்கியில், ரோலர் திரைக்குக் கீழே, ஒரு ஃபிளெக்ஸ் பேனரை மடித்து வைத்திருக்கிறேன். இந்த முறை பார்த்து வாங்கினேன்: காதணி விழா.